வளைகுடா வானில் போட்டியும் சேவையும்: விமான நிறுவனத்துக்கு நாம் ஏன் விசுவாசமாக இருக்க வேண்டும்?

கீழக்கரையிலோ அதிராம்பட்டினத்திலோ மேலப்பாளையத்திலோ டிராவல்ஸ் கடைக்குத் துபாய் டிக்கெட் எடுக்கப் போகிறவர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். நேரடி விமானமா, இடையில் இறங்கி மாற வேண்டுமா? லக்கேஜ் எத்தனை கிலோ? போய்ச் சேரும் நேரம் என்ன? எவ்வளவு ஆகும்? இந்த நான்குக்கும் பதில் வந்த பிறகுதான் எந்த நிறுவனத்தின் விமானம் என்ற பேச்சே எழும்.

ஆனால் விமான நிறுவனங்கள் பேசுவது வேறு. 'வாடிக்கையாளர் விசுவாசம்' என்பதைத் தங்கள் பெரிய சொத்தாக அவை காட்டுகின்றன. அதற்கென உறுப்பினர் அட்டை, மைல்கள், வெள்ளி, தங்கம் என்று படிநிலைகள் வைத்திருக்கின்றன. நம் குடும்பங்களில் இருபது, முப்பது ஆண்டுகளாக வளைகுடாவுக்கும் ஊருக்குமாகப் பறந்துகொண்டிருப்பவர்கள் ஏராளம். அவர்கள் ஒரே நிறுவனத்தில் திரும்பத் திரும்பப் பயணம் செய்வது விசுவாசத்தாலா, அல்லது வேறு வழி இல்லாததாலா? இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான், சேவை ஏன் சில நேரம் உயர்கிறது, ஏன் சில நேரம் சரிகிறது என்பது புரியும்.

போட்டியில் பிறந்த ஒரு நிறுவனம்

1980களின் நடுவில் துபாய்க்கு வரும் விமானச் சேவையைக் கல்ஃப் ஏர் நிறுவனம் குறைத்துக்கொண்டது. துபாய்க்கு அப்போது சொந்த விமான நிறுவனம் கிடையாது. வணிகத்தையே நம்பி வாழும் துறைமுக நகரம் அது. வந்து போக விமானம் இல்லாவிட்டால் பிழைப்பு என்னாவது? அரசு ஒரு கோடி டாலர் தொடக்க முதலீடு தந்தது. பாகிஸ்தான் சர்வதேச விமான நிறுவனத்திடம் விமானங்களை வாடகைக்கு எடுத்து, 1985 அக்டோபர் 25 அன்று துபாயிலிருந்து கராச்சிக்குத் தன் முதல் விமானத்தை எமிரேட்ஸ் இயக்கியது. தொடக்கத்திலேயே அது பறந்த மற்ற இடங்கள் மும்பையும் டெல்லியும். தெற்காசியத் தொழிலாளர்களும் வணிகர்களும்தான் அதன் முதல் வாடிக்கையாளர்கள் என்பதை இதிலிருந்தே அறியலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சொந்த நிறுவனம் வந்துவிட்டதே என்று துபாய் தன் வானத்தை மற்றவர்களுக்கு மூடிவிடவில்லை. எந்த நாட்டு நிறுவனம் வந்தாலும் இறங்கலாம் என்ற திறந்த கொள்கையைத் தொடர்ந்தது. ஆகவே பிறந்த நாள் முதலே எமிரேட்ஸ் தன் சொந்த ஊரிலேயே பிறரோடு போட்டியிட வேண்டியிருந்தது. பயணியை ஈர்க்க ஏதாவது கூடுதலாகத் தந்தாக வேண்டிய நிலை. 1992ல் எல்லா வகுப்புகளிலும் ஒவ்வொரு இருக்கையிலும் திரை பொருத்திய முதல் நிறுவனமாக அது ஆனது. மேல்வகுப்புப் பயணிக்கு மட்டும் கிடைத்துவந்த வசதி, சாதாரண வகுப்பில் அமர்ந்து ஊருக்குப் போகும் தொழிலாளிக்கும் கிடைத்தது. சேவைத் தரம் மேலாளரின் நல்ல மனதால் மட்டும் வருவதில்லை. பயணி வேறு கடைக்குப் போய்விடுவான் என்ற அச்சமும் அதற்கு வேண்டும்.

நாற்பது ஆண்டு ஏகபோகம்

இதற்கு நேர்மாறான கதை இந்தியாவில் நடந்தது. ஜே.ஆர்.டி. டாடா 1932ல் கராச்சியிலிருந்து மும்பைக்குத் தபால் விமானம் ஓட்டித் தொடங்கிய நிறுவனம் 1946ல் ஏர் இந்தியா ஆனது. 1948ல் மும்பையிலிருந்து லண்டனுக்குப் பறந்தது. 1953ல் விமான நிறுவனங்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா, உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ். இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படையாக இருந்த சட்டம் 1994ல்தான் நீக்கப்பட்டது.

ஏர் இந்தியாவின் தொடக்க காலச் சேவை உலக அளவில் மதிக்கப்பட்டது உண்மை. லண்டன், நியூயார்க் வழித்தடங்களில் அது வெளிநாட்டு நிறுவனங்களோடு மோத வேண்டியிருந்தது. ஆனால் உள்நாட்டில் போட்டியே இல்லை. விமானம் தாமதமானாலும் ஊழியர் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் பயணி மறுநாளும் அதே கவுன்டருக்குத்தான் வந்து நின்றாக வேண்டும். 1990களில் ஜெட் ஏர்வேஸ் போன்ற தனியார் நிறுவனங்கள் வந்தபோது வசதி படைத்த பயணிகள் கூட்டமாக அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். அத்தனை ஆண்டுகளாக விசுவாசம்போலத் தெரிந்தது வெறும் நிர்ப்பந்தம்தான் என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

அதன் பிறகு சாமானியருக்கும் கதவு திறந்தது. கேப்டன் கோபிநாத் 2003ல் தொடங்கிய ஏர் டெக்கான், ரயிலில் போகிறவரையும் விமானத்தில் ஏற்றிக் காட்டியது. 'சூரரைப் போற்று' படத்துக்கு அவருடைய வாழ்க்கைதான் தூண்டுதல். 2005 ஏப்ரலில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் தொடங்கப்பட்டது. கேரளத்திலிருந்து வளைகுடாவுக்குக் குறைந்த கட்டணத்தில் தொழிலாளர்களை ஏற்றிச் செல்வதே அதன் முதல் வேலை. பின்னர் திருச்சிக்கும் அதன் சேவை விரிந்தது. டெல்டா மாவட்டங்களிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வளைகுடா போகிறவர்கள் சென்னைக்கோ கொச்சிக்கோ அலைவது ஓரளவு குறைந்தது. அந்தச் சேவையின் அருமை, முன்பு இரவெல்லாம் பேருந்தில் சென்னைக்குப் போய் விமானம் ஏறிய தலைமுறைக்குத் தெரியும்.

சேவை மட்டும் போதுமா?

'நல்ல சாப்பாடு, நல்ல உபசரிப்பு தந்தால் பயணி தானாக ஒட்டிக்கொள்வார்' என்பது பாதி உண்மைதான். கிங்ஃபிஷர் 2005ல் பறக்கத் தொடங்கியபோது உபசரிப்பில் அதற்கு நிகரில்லை என்றார்கள். பயணிகள் அதை விரும்பினார்கள். ஆனால் வரவுக்கு மீறிய செலவு, 2007ல் ஏர் டெக்கானை வாங்கிய சுமை, கடன் எல்லாம் சேர்ந்து அதை நசுக்கின. ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. 2012 அக்டோபரில் அதன் விமானங்கள் தரையிறங்கின. கால் நூற்றாண்டாகப் பறந்த ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று நின்றது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது.

இவற்றில் முன்பணம் கட்டி டிக்கெட் வைத்திருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். பிடித்த நிறுவனம், பழகிய நிறுவனம் என்ற உறவு திவால் நடவடிக்கையில் எந்த மதிப்பும் பெறுவதில்லை. கடன்காரர்களின் வரிசையில் வங்கிகள் முன்னால் நிற்கும். பயணி கடைசியில் நிற்பார். ஆகவே சேவைத் தரம் என்று சொல்லும்போது சிரித்த முகத்தையும் சூடான உணவையும் மட்டும் எண்ணக் கூடாது. கணக்கு வழக்கு நேராக இருப்பதும், ஊழியருக்குச் சம்பளம் ஒழுங்காகப் போவதும், சொன்ன நாளில் விமானம் கிளம்புவதும் அந்தத் தரத்தின் பகுதிகள்தான்.

அடுத்த வீட்டுப் பாடம் இலங்கையில் இருக்கிறது. 1979ல் தொடங்கப்பட்ட ஏர் லங்காவின் நிர்வாகத்தை 1998ல் எமிரேட்ஸ் பத்தாண்டு ஒப்பந்தத்தில் ஏற்றது. சுமார் 40 சதவீதப் பங்குகளும் அதன் கைக்கு வந்தன. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் என்று பெயர் மாறியது. 2001ல் கட்டுநாயக்க விமான நிலையத் தாக்குதலில் விமானங்களை இழந்தும் அது மீண்டெழுந்தது. சென்னை, திருச்சி போன்ற ஊர்களிலிருந்து கொழும்பு வழியாக வளைகுடாவுக்கும் கிழக்காசியாவுக்கும் போகும் பாதை நம் மக்களிடையே பழக்கமானது.

2007 டிசம்பரில் லண்டனிலிருந்து திரும்ப இருந்த அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் குழுவினருக்கு இடம் கேட்கப்பட்டது. ஏற்கெனவே டிக்கெட் வாங்கியிருந்த பயணிகளை இறக்கிவிட்டு இடம் தர முடியாது என்று நிறுவனம் மறுத்தது. விளைவாக அதன் தலைமை நிர்வாகியின் பணி அனுமதியை அரசு ரத்துச் செய்தது. 2008ல் ஒப்பந்தம் முடிந்ததும் எமிரேட்ஸ் நிர்வாகத்திலிருந்து விலகியது. 2010ல் பங்குகளையும் அரசிடமே விற்றுவிட்டது. அதற்குப் பிறகு குவிந்த நட்டங்கள் இலங்கை மக்களின் வரிப்பணத்தின் மீது ஏறிய சுமை. பணம் கொடுத்து டிக்கெட் வாங்கிய சாதாரணப் பயணியின் இருக்கை அவருக்கே உரியது என்று நின்ற நிர்வாகத்துக்குக் கிடைத்த பரிசு அது. பயணிக்குக் கொடுத்த வாக்கை மதிக்கும் இடத்தில்தான் விசுவாசம் வேர்விடும்.

மைல் கணக்கு யாருக்கு லாபம்?

இனி உறுப்பினர் அட்டைகளுக்கு வருவோம். அமெரிக்காவில் 1978ல் விமானக் கட்டணங்கள் மீதான அரசுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. திடீரென்று போட்டி கடுமையானது. பயணி ஓடிவிடாமல் தடுக்க அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பறந்த தூரத்துக்கு மைல்கள், சேர்ந்த மைல்களுக்கு இலவச டிக்கெட். மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். எமிரேட்ஸின் ஸ்கைவார்ட்ஸ் 2000ல் வந்தது. இண்டிகோ நீண்ட காலம் இதெல்லாம் தேவையில்லை என்றிருந்துவிட்டு 2024ல்தான் தன் திட்டத்தைத் தொடங்கியது.

இதன் சூட்சுமம் எளிது. அலுவலகச் செலவில் மாதம் நான்கு முறை பறக்கிறவருக்கு மைல்கள் வேகமாகச் சேரும். டிக்கெட்டுக்குப் பணம் கொடுப்பது அவருடைய கம்பெனி, மைல் கிடைப்பது அவருக்கு. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை விடுமுறையில் ஊர் வருகிற கட்டுமானத் தொழிலாளிக்கோ கடைப் பணியாளருக்கோ அது சேர்வதற்குள் காலக்கெடு முடிந்துவிடும். பல திட்டங்களில் மைல்களுக்குக் காலாவதி உண்டு. மலிவு டிக்கெட்டுக்கு மைலே மிகக் குறைவாகத்தான் தருவார்கள். ஒரு மைலுக்கு என்ன மதிப்பு என்பதை எப்போது வேண்டுமானாலும் மாற்றும் உரிமையையும் நிறுவனமே வைத்துக்கொள்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. இன்று பெரிய நிறுவனங்கள் மைல்களை வங்கிகளுக்கு விற்கின்றன. வங்கிகள் அவற்றைக் கிரெடிட் கார்டு வாடிக்கையாளருக்குப் பரிசாகக் கொடுக்கின்றன. இந்த வியாபாரம் எவ்வளவு பெரியது என்பது 2020ல் கொரோனா காலத்தில் தெரிந்தது. விமானங்கள் முடங்கிக் கிடந்தபோது யுனைடெட் நிறுவனம் தன் மைல் திட்டத்தையே ஈடாக வைத்துப் பல நூறு கோடி டாலர் கடன் திரட்டியது. மைல் ஆசையில் கார்டு வாங்கி, தவணை தவறி வட்டி கட்டுகிறவருக்கு, கிடைத்த இலவச டிக்கெட் இலவசமே அல்ல. வட்டி விஷயத்தில் பேணுதலாக இருக்க விரும்பும் நம் குடும்பங்கள் இதில் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது. பறக்கும்போது இலவசமாகக் கிடைக்கும் மைலைச் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை. மைலுக்காகக் கூடுதல் விலையில் டிக்கெட் வாங்குவதும் கடனில் இறங்குவதும்தான் நட்டம்.

பத்துக் கிலோ சொல்லும் பாடம்

போட்டி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நமக்கு நெருக்கமான உதாரணம் லக்கேஜ். ஊருக்கு வருகிறவரின் பெட்டி அவருடைய துணிமணிக்கு மட்டும் உரியதல்ல. உம்மாவுக்குத் தைலம், பிள்ளைகளுக்கு மிட்டாய், மச்சானுக்குச் சென்ட், நண்பர் கொடுத்தனுப்பிய பால்பவுடர் டின், பேரீச்சம்பழம் என்று ஒரு தெருவுக்கே அதில் பங்கு உண்டு. 30 கிலோ என்பது அந்தப் பெட்டியின் கணக்கு.

2024 ஆகஸ்டில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் அமீரகத்திலிருந்து இந்தியா வருவோரின் இலவச லக்கேஜை 30 கிலோவிலிருந்து 20 கிலோவாகக் குறைத்தது. வளைகுடாவாழ் இந்தியர்களிடையே பலத்த அதிருப்தி எழுந்தது. அதே வழித்தடத்தில் 30 கிலோ தரும் வேறு நிறுவனங்கள் இருந்தன. டிக்கெட் விலையோடு கூடுதல் கிலோவுக்கான பணத்தையும் சேர்த்துப் பார்த்து மக்கள் ஒப்பிடத் தொடங்கினார்கள். 2025 ஜனவரியில் அதே நிறுவனம் வளைகுடா வழித்தடங்களில் மீண்டும் 30 கிலோ அறிவித்தது. மாற்று வழி இருக்கும் இடத்தில் பயணியின் முணுமுணுப்பும் நிறுவனத்தின் காதில் விழும்.

கடல் கடந்தும் இதே பாடம்தான். அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் இரண்டு பெட்டிகளுக்குக் கட்டணமில்லை என்ற ஒரே வாக்குறுதியால் பல ஆண்டுகள் தனக்கென ஒரு கூட்டத்தை வைத்திருந்தது. முதலீட்டாளர்களின் நெருக்கடிக்குப் பிறகு 2025 மே மாதம் அந்தச் சலுகையை நிறுத்தியது. நீண்ட கால வாடிக்கையாளர்கள் பலர் 'இனி இவர்களுக்கும் மற்றவர்களுக்கும் என்ன வேறுபாடு?' என்று கேட்டார்கள். ஒரு நிறுவனத்தின் தனித்தன்மை எதுவோ அதுதான் அதன் விசுவாசத்தின் ஆணிவேர். அதை வெட்டினால் மரம் சாய எத்தனை நாளாகும்?

ஊழியர் வயிறு எரிந்தால்

2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் விமானப் பணியாளர்கள் பலர் ஒரே நேரத்தில் உடல்நலமில்லை என்று விடுப்பு எடுத்தார்கள். ஏர் ஏசியா இந்தியாவுடன் இணைப்பு நடந்துகொண்டிருந்த சமயம் அது. சம்பளம், பணி நிலை, நடத்தும் விதம் ஆகியவற்றில் அவர்களுக்குக் குறைகள் இருந்தன. சில நாள்களில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. பெருமளவில் பாதிக்கப்பட்டவர்கள் வளைகுடாப் பயணிகள். விசா முடியும் நாளை எண்ணிக்கொண்டு இருப்பவருக்கும், வேலையில் சேரக் கடைசித் தேதி உள்ளவருக்கும், ஊரில் ஒரு மரணச் செய்தி கேட்டுப் புறப்பட்டவருக்கும் ஒரு நாள் தாமதம் என்பது வெறும் ஒரு நாள் அல்ல. தொழிலாளர் ஆணையரின் முன்னிலையில் பேச்சு நடந்த பிறகே நிலைமை சீரானது.

பணியாளரைக் கசக்கிப் பிழிந்துவிட்டு அவர் பயணியிடம் புன்னகைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். அதே ஆண்டு அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து ஷார்ஜா கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு ஏற்பட்டது. எரிபொருளைக் குறைப்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானில் வட்டமிட்டு, விமானிகள் அதைத் திருச்சியிலேயே பத்திரமாக இறக்கினார்கள். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த எத்தனை வீடுகளில் துஆ கேட்கப்பட்டிருக்கும்! அந்த நேரத்தில் இருக்கையின் அகலமோ சாப்பாட்டின் ருசியோ யாருக்கும் நினைவில் இருந்திருக்காது. நல்ல பயிற்சி பெற்ற, ஓய்வெடுத்த, நிதானமான ஊழியர்தான் ஒரு விமான நிறுவனம் தரக்கூடிய முதல் சேவை.

போட்டி சுருங்கினால் என்ன ஆகும்?

இதை நாடே கண்டது 2025 டிசம்பரில். விமானிகளின் களைப்பைக் குறைக்க வாராந்திர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தியும், இரவு நேர இறக்கங்களைக் குறைத்தும் புதிய விதிகள் வகுக்கப்பட்டிருந்தன. 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்ட அவை 2025ல் இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. தயாராவதற்குப் போதிய காலம் இருந்தது. ஆனாலும் உள்நாட்டுச் சந்தையில் 60 சதவீதத்துக்கும் மேல் கையில் வைத்திருக்கும் இண்டிகோ தேவையான விமானிகளோடு தயாராக இல்லை. டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. விமான நிலையங்களில் பெட்டிகள் மலைபோலக் குவிந்தன. பிற நிறுவனங்களின் கட்டணம் விண்ணுக்கு ஏறியதால் அரசு உச்சவரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. விதிகளில் தற்காலிகத் தளர்வும் தரப்பட்டது. பிறகு இண்டிகோவின் அட்டவணையில் 10 சதவீதத்தைக் குறைக்க உத்தரவானது.

2006ல் தொடங்கிய இண்டிகோ தன் பெயரைக் கட்டியதே 'சரியான நேரம்' என்ற ஒற்றைச் சொல்லில்தான். சாப்பாடு விலைக்கு, லக்கேஜுக்கு அளவு, ஆனால் நேரம் தவறாது. மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் போட்டியாளர்கள் ஒவ்வொருவராக மறைந்து, இண்டிகோவும் ஏர் இந்தியா குழுமமும் சேர்ந்து பத்தில் ஒன்பது உள்நாட்டுப் பயணிகளை ஏற்றிச் செல்லும் நிலை வந்துவிட்டது. இவ்வளவு நடந்த பிறகும் அடுத்த மாதமே பயணிகள் அதே நிறுவனத்தில் ஏறினார்கள். ஏறாமல் என்ன செய்வார்கள்? பல ஊர்களுக்கு அது மட்டும்தான் போகிறது. அந்தத் திரும்பி வருகையை விசுவாசம் என்று கணக்கெழுதினால் அது நிறுவனம் தன்னையே ஏமாற்றிக்கொள்வதாகும்.

வெளிநாட்டு வழித்தடங்களில் போட்டிக்கு இன்னொரு பூட்டும் உண்டு. இரு நாடுகளுக்கு இடையே வாரத்துக்கு எத்தனை இருக்கைகள், எந்தெந்த ஊர்கள் என்பதை அரசுகள் ஒப்பந்தத்தில் முடிவு செய்கின்றன. இந்தியாவுக்கும் துபாய்க்கும் இடையே ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்குச் சுமார் 66,000 இருக்கைகள் என்ற வரம்பு 2014ல் வகுக்கப்பட்டது. அது நிரம்பி வழிகிறது, உயர்த்துங்கள் என்று அமீரகத் தரப்பு பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. எமிரேட்ஸ் இந்தியாவில் ஒன்பது நகரங்களுக்குப் பறக்கிறது. தமிழ்நாட்டில் சென்னை மட்டும்தான் அதில் உண்டு. 2024 ஜனவரியில் திருச்சியில் பெரிய புதிய முனையம் திறக்கப்பட்டது. கட்டடம் வந்துவிட்டது, அதற்கேற்ற விமானங்களும் நிறுவனங்களும்தான் போதவில்லை.

வரம்பை உயர்த்தத் தயங்குவதற்கு அரசுத் தரப்பில் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. துபாய், தோஹா நிறுவனங்களுக்குக் கதவை அகலத் திறந்தால், இந்தியர்களை அங்கே இறக்கி ஐரோப்பா, அமெரிக்காவுக்கு ஏற்றிச் செல்லும் லாபம் முழுதும் அவர்களுக்கே போகும். இந்திய நிறுவனங்கள் நீண்ட தூரச் சேவையில் வளரவே முடியாது என்கிறார்கள். டாடா குழுமம் 2022 ஜனவரியில் ஏர் இந்தியாவை ஏற்றுப் புதிய விமானங்களில் பெரும் முதலீடு செய்துள்ள நிலையில் இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர் யார்? லண்டன் போகிறவரைவிட, கோடை விடுமுறையிலும் பெருநாள் சமயத்திலும் இருமடங்கு கட்டணம் கொடுத்துக் குடும்பத்தைப் பார்க்க வரும் அமீரகத் தொழிலாளிதான் அதிகம் கொடுக்கிறார். உள்நாட்டு நிறுவனத்தைப் பாதுகாக்கலாம். ஆனால் பாதுகாப்புக்குப் பதிலாகக் கட்டணத்திலும் நேரத்திலும் சேவையிலும் என்ன தருவார்கள் என்று கேட்டு வாங்கவும் வேண்டும். திருச்சி, மதுரை போன்ற இரண்டாம் நிலை ஊர்களுக்காவது இருக்கைகளை விரிவாக்குவது இரு தரப்பையும் பாதிக்காத நடுவழி.

நாம் செய்யக் கூடியவை

பயணிக்கு உரிமைகள் இல்லாமல் இல்லை. தெரியாததால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இந்திய விதிகளின்படி, விமானம் ரத்தானால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்பது பயணியின் உரிமை. பணத்துக்குப் பதில் 'அடுத்த முறை பயன்படுத்திக்கொள்ளுங்கள்' என்று கணக்கில் வரவு வைப்பதை ஏற்பதும் மறுப்பதும் நம் விருப்பம். டிராவல்ஸ் மூலம் வாங்கியிருந்தாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கே உண்டு. உறுதியான டிக்கெட்டோடு நேரத்துக்கு வந்தும் இடமில்லை என்று நம்மை ஏற்ற மறுத்தால், ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் மாற்று விமானம் தராத பட்சத்தில் இழப்பீடு உண்டு. அந்த மாற்று 24 மணி நேரத்துக்குள் என்றால் அது 10,000 ரூபாய் வரையும், அதற்கு மேல் தாமதமானால் 20,000 ரூபாய் வரையும் போகும். நீண்ட தாமதத்தில் உணவும், இரவு தங்க வேண்டி வந்தால் விடுதியும் கேட்கலாம்.

சர்வதேசப் பயணத்தில் பெட்டி உடைந்து வந்தால் ஏழு நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும் என்கிறது மான்ட்ரியல் உடன்படிக்கை. விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே அங்குள்ள கவுன்டரில் பதிந்து, எண் வாங்கிக்கொள்வது நல்லது. வீட்டில் வயதானவர்கள் உம்ராவுக்குத் தனியாகப் போவதானால் இந்த விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பலாம். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். ஜம்ஜம் தண்ணீருக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும், அதையும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

விலை ஒப்பிடும்போது டிக்கெட் தொகையை மட்டும் பார்க்கக் கூடாது. லக்கேஜ், உணவு, இருக்கைத் தேர்வு, தேதி மாற்றக் கட்டணம், விமான நிலையம் போய்வரும் செலவு எல்லாவற்றையும் கூட்டினால் மலிவாகத் தெரிந்தது சில நேரம் கூடுதலாக முடியும். கொழும்பு வழியாகப் போவது நேரத்தைத் தின்றாலும் குடும்பத்தோடு போகும்போது கணிசமான தொகையை மிச்சப்படுத்தலாம். நேரடிச் சேவையைத் தரும் நிறுவனமும் இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் விலை வைக்கிறது.

தனி ஆளின் புகார் ஒரு மின்னஞ்சலோடு முடிந்துவிடும். வளைகுடாவில் இயங்கும் ஊர் ஜமாஅத் அமைப்புகளும் தமிழர் சங்கங்களும் இரத்த தான முகாமும் கல்வி உதவியும் சிறப்பாகச் செய்கின்றன. இருக்கை வரம்பு, விடுமுறைக் காலக் கட்டணம், திருச்சி, மதுரைச் சேவை ஆகியவற்றை எண்ணிக்கையோடும் ஆதாரத்தோடும் தொகுத்து நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் விமானப் போக்குவரத்து அமைச்சகத்திடமும் கொடுப்பதும் அதைப் போன்ற சேவைதான். கேரளத்து அமைப்புகள் இதை நீண்ட காலமாகச் செய்து வருகின்றன. அவர்களிடம் கற்றுக்கொள்ள நமக்குக் கூச்சம் தேவையில்லை.

அதேபோல், நல்லது நடந்தால் அதையும் எழுத்தில் சொல்வோம். நடக்க முடியாத பாட்டியாரைக் கைப்பிடித்து இறக்கிவிட்ட பணிப்பெண்ணுக்கும், அழும் குழந்தையோடு வந்த தாய்க்கு இருக்கை மாற்றிக் கொடுத்த ஊழியருக்கும் இரண்டு வரிப் பாராட்டு அவர்களுடைய பணிப் பதிவில் சேரும். குறையை மட்டும் சொல்லும் வாடிக்கையாளரைவிட, இரண்டையும் நேர்மையாகச் சொல்கிறவரின் பேச்சுக்கு மதிப்பு கூடும்.

விமான நிறுவனம் நமக்கு உறவும் அல்ல, எதிரியும் அல்ல. பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாக்குக் கொடுக்கிறது. அந்த வாக்கை நிறைவேற்றும் வரை அதில் பறப்போம். தவறினால் உரிமையைக் கேட்போம். முடிந்த இடத்தில் மாற்றுவோம். மாற்ற வழியில்லாத இடத்தில், வழி திறக்கும்படி அரசைக் கேட்போம். திரும்பத் திரும்ப வரும் பயணியை நிறுவனங்கள் தங்கள் சொத்தாக எண்ணாமல், ஒவ்வொரு முறையும் சம்பாதிக்க வேண்டிய நம்பிக்கையாக எண்ணும் நாளில் சேவைத் தரம் தானாகவே உயரும்.